அக்காவுக்குச் சொல்லாமல் விட்ட நடனம்

அக்காவின் பார்வையை நீரிழிவு வருத்தம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது. இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரியும், முகங்கள் தெரியாது. அத்தான் இறந்தபிறகு லண்டனில், குட்மேய்சில் தனியாக இருக்கிறார். ஒரே மகன் கனடாவில். ஆகவே ஆஸ்பத்திரி, கடை, கோயில் என்று எங்கும் அவரைக் கூட்டிக்கொண்டு போவது தம்பியாகிய நான்தான். அதைக் கொஞ்சம் பெருமையாகவே நாலு பேருக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போன இலையுதிர் காலத்தில் ஒருநாள் அக்கா போன் எடுத்தார். பலே நடனக் கம்பனி ஒன்று புதிதாகக் கட்டியிருக்கும் ஒத்திகைக் கட்டடத்தைப் பார்க்கப் போகவேண்டும் என்றார். அவர் போய்வரும் நூலகத்தில் கண் தெரியாதவர்களுக்கென்று ஒரு குழு கூடுகிறது. அந்தக் குழுவுக்குக் கட்டடத்தைச் சுற்றிக்காட்டப் போகிறார்களாம், ஆளுக்கு ஒரு துணையைக் கூட்டிவரலாமாம். சுற்றிக்காட்டும் அதே நாள் மாலை எனக்குக் குரோய்டனில் எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கக் கூட்டம் இருந்தது, அது அக்காவுக்கும் தெரியும். அக்காவைக் கூட்டிப்போய், திரும்ப வீட்டில் விட்டுவிட்டு, நேரத்துக்குக் குரோய்டன் போய்விடலாம் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுத்தான் ஓம் என்றேன்.

கட்டடத்துக்குள் பெயின்ட் மணம் இன்னும் போகவில்லை. எங்களைக் கூட்டிச்சென்ற பெண் முன்பு அதே கம்பனியில் ஆடியவராம். நல்ல பொறுமைசாலி. எதையும் சொல்வதற்கு முன் தொடவிட்டார். பலேக்காரிகள் நுனிவிரலில் நிற்கும் சப்பாத்தை அக்காவின் கையில் கொடுத்தார். அக்கா அதன் பட்டுத் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, நுனியை நகத்தால் தட்டினார். மரம் மாதிரிச் சத்தம் கேட்டது. மூலையில் ஒரு பெட்டிக்குள் மஞ்சள் பிசின் கட்டிகள் கிடந்தன. வழுக்காமல் இருக்க அதை மிதித்து உரசிக்கொண்டுதான் ஆட வருவார்களாம். அக்கா ஒரு துண்டை எடுத்து மணந்தார்.

"குங்கிலியம்போலை கிடக்கு," என்றார்.

பிறகு சப்பாத்தைக் கழற்றச் சொல்லி ஒரு வெறும் அறைக்குள் விட்டார்கள். ஆடுவதற்கென்றே போட்ட அந்த நிலம் காலை உள்ளே வாங்கித் திரும்ப மெல்ல மேலே தள்ளியது. அக்கா சுவரோடு போகும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை துள்ளினார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. இன்னொருமுறை துள்ளப் போனவரை நான் முழங்கையில் பிடித்து, விழுந்துவிடுவீர்கள் என்று நிறுத்தினேன். மற்றவர்கள் யாரையும் யாரும் நிறுத்தவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

கடைசியாகப் பெரிய அறை. அங்கே உண்மையான ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. சுவரோரம் போட்டிருந்த வாங்கில் எங்களை இருத்தினார்கள். ஒரு பெண்ணும் ஓர் ஆணும் ஆடினார்கள், பயிற்சி கொடுக்கும் கிழவர் ஒருவர் அடிக்கடி நிறுத்தித் திருத்தினார், மூலையில் ஒருவர் பியானோ வாசித்தார். துணைக்கு வந்தவர்கள் தங்கள் தங்கள் ஆட்களின் காதுக்குள் சொல்லத் தொடங்கினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரர் மூச்சுவிடாமல் மனைவிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்ன நடக்குது, தம்பி?" என்று கேட்டார் அக்கா.

"ஒரு பெட்டை ஆடுறா, அக்கா."

"தனியவோ?"

நான் ஓம் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பெடியன் உடம்போடு ஒட்டிய மெல்லிய உடுப்புப் போட்டிருந்தான். அவளுடைய தொடையில் கைகொடுத்துத் தலைக்கு மேலே தூக்கினான். அவள் அவனுடைய மார்போடு மெதுவாக வழுக்கி இறங்கினாள், முகத்தோடு முகம் வந்ததும் இரண்டுபேரும் அப்படியே நின்றார்கள். இதையெல்லாம் அக்காவின் காதுக்குள் எந்தச் சொல்லைக்கொண்டு சொல்வது? எங்கள் வீட்டில் டிவியில் யாராவது கட்டிப்பிடித்தால் நான் இப்போதும் தண்ணீர் குடிக்க எழுந்து குசினிக்குப் போகிறவன். அதனால் அவள் கையைத் தூக்குகிறாள், சுற்றுகிறாள், நிற்கிறாள் என்று மட்டும் சொன்னேன். அவனை முழுக்க விட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அதுவும் அலுத்தது. மணிக்கூட்டைப் பார்த்தேன். "அதையேதான் திரும்பச் செய்யிறா," என்றேன்.

அக்கா தலையை ஒருபக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கிழவர் கையைத் தட்ட, பியானோ நின்றது. ஆடியவர்கள் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு நிலத்தில் இருந்தார்கள்.

"முடிஞ்சுது, அக்கா. போவம்," என்றேன்.

அக்கா உடனே எழுந்து என் கையைப் பிடித்தார். வாசலைத் தாண்டி நடைபாதையில் பாதித் தூரம் போயிருப்போம். பின்னால் பியானோ திரும்பத் தொடங்கியது. கால்கள் தொம்மென்று விழுந்தன. அக்கா நின்றுவிட்டார்.

"அது வேறை அறை," என்றேன். அந்த இரண்டாவது பொய் எனக்கே தெரியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது.

அக்கா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எங்களுக்குச் சுற்றிக்காட்டிய பெண் பின்னால் ஓடிவந்தார். அவரிடம் ஆங்கிலத்தில், அவர்கள் இன்னும் ஆடுகிறார்களா என்று கேட்டார். ஓம், சின்ன இடைவேளைதான், இனித்தான் முழுவதையும் நிறுத்தாமல் ஆடிப்பார்க்கப் போகிறார்கள், தயவுசெய்து திரும்பி வாருங்கள் என்று அவர் சந்தோஷமாகச் சொன்னார். திரும்பிப் போவோம் என்று நான் வாயெடுப்பதற்குள், அக்கா சிரித்தபடி பதில் சொல்லிவிட்டார். தம்பிக்குக் களைப்பு, அவர் காலையிலிருந்து என்னோடு அலைகிறார், நாங்கள் போகிறோம், மிகவும் நன்றி என்றார்.

ரயிலில் அக்கா யன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார். சில ஸ்டேஷன்கள் போனபிறகு கேட்டார்.

"அந்தப் பெட்டை தனியத்தானே ஆடினவ?"

"இல்லை, அக்கா. ரெண்டு பேர். ஒரு பெடியனும் ஆடினவன்."

"தெரியும். ரெண்டு பேரின்ரை மூச்சும் கேட்டது. அவ நிலத்திலை இல்லாத நேரமும் வேறை ஆரின்ரையோ கால் நிலத்திலை நிண்டது. அதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"அவன் அவவைத் தூக்கி… கட்டிப்பிடிச்சு… உங்களிட்டை எப்பிடி அக்கா சொல்லுறது?"

அக்கா யன்னலை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"நான் கலியாணம் கட்டிப் பிள்ளை பெத்தவள், தம்பி. கண் தெரியாமல் போனாப்போலை எல்லாருமாச் சேந்து என்னைச் சின்னப்பிள்ளை ஆக்கிப்போட்டியள்."

குரலில் கோபம் இருக்கவில்லை. இருந்திருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லி மனத்தை ஆற்றியிருப்பேன்.

வீட்டு வாசலில் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நினைத்தேன். அக்கா கதவைத் திறந்துகொண்டே, நீ போ, கூட்டத்துக்குப் பிந்தப்போகிறது என்றார். நான் போனேன். அதுதான் இன்றைக்கும் என்னைக் கூசவைக்கிறது. குரோய்டனில் அன்று மாலை முழுவதும் ஆண்டுவிழாச் சாப்பாட்டுக்கு இடியப்பமா, பிறைட் ரைஸா என்பதைப் பற்றித்தான் பேச்சு. நானும் கையைத் தூக்கி ஒன்றுக்கு ஆதரவு சொன்னேன். எதற்கு என்று ஞாபகமில்லை.

அடுத்தநாள் போன் எடுத்தபோது அக்கா எப்போதும்போலப் பேசினார். அதற்குப் பிறகும் எப்போதும்போலத்தான். குளிர்காலம் தொடங்கியபோது அந்தக் கம்பனி தங்கள் முழு ஒத்திகைக்கு நூலகக் குழுவைத் திரும்ப அழைத்தது. இந்தமுறை நான் முந்திக்கொண்டு, வாறன் என்றேன். அந்த நாளில் வேறு எந்த வேலையும் வைக்கவில்லை என்றும் சொன்னேன். ஆனால் அக்கா ஏற்கெனவே நூலகத்தில் கேட்டு ஒரு துணையை ஏற்பாடு செய்திருந்தார். கல்லூரியில் படிக்கிற வெள்ளைக்காரப் பெண்ணாம், தொண்டராக வருகிறாளாம்.

"அந்தப் பிள்ளையே வரட்டும். அது ஒண்டையும் விடாது," என்றார்.

அவர் போய்வந்த மறுநாள் வீட்டுக்குப் போனேன். அக்கா தேத்தண்ணி போட்டுத் தந்துவிட்டு எனக்கு எதிரே இருந்து, அந்தத் தொண்டர்ப் பெண் காதுக்குள் சொன்னதையெல்லாம் சொல்லத் தொடங்கினார். அவன் அவளைத் தூக்கும்போது அவனுடைய முதுகுத் தசை எப்படி இறுகியது, இறக்கியபிறகு கை எப்படி நடுங்கியது, அவள் மூக்கிலிருந்து வியர்வை எப்படிச் சொட்டியது, முகம் பக்கத்தில் வந்தபோது அவள் ஏன் கண்ணை மூடினாள் என்றெல்லாம் சொன்னார். ஒரு கூச்சமும் இல்லாமல் சொன்னார். இதே ஆட்டத்தை அன்று நானும் வாங்கில் இருந்து என் இரண்டு கண்களாலும் பார்த்தவன்தான். ஆனால் தூக்கியவனின் கை நடுங்கியது எனக்குத் தெரியாது. தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். அன்றைக்குத்தான் மன்னிப்பும் கேட்டேன்.

"சரி, விடு," என்றார். "உனக்கு வெக்கம். அதுக்கு நீ என்ன செய்யிறது."

நான் அவசரப்பட்டு முடிஞ்சுது என்று சொன்னதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இப்போது நான் எதையும் விடுவதில்லை. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் முத்தம் கொடுக்கிறவர்களைக்கூடச் சொல்லிவிடுகிறேன். அக்கா சிரிக்கிறார், சிலவேளை போதும் என்கிறார். போனமாதம் அக்காவின் மருமகளுக்குச் சீலை எடுக்க அப்டன் பார்க் போனோம். நான் ஒவ்வொன்றாக விரித்து, இது கடும் பச்சை, கரை அரக்கு, உடலில் சின்னச் சின்ன மாங்காய், தலைப்பில் ஓரிடத்தில் நூல் கொஞ்சம் இழுபட்டிருக்கிறது என்று பொறுமையாகச் சொன்னேன். அக்கா எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டினார். பிறகு சீலையைக் கையில் ஏந்திக்கொண்டு, நான் நின்ற பக்கத்துக்கு மற்றப்பக்கம் திரும்பி, கடைக்காரப் பெண்ணை மெல்லக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இது என்ன நிறம், ஒருக்காச் சொல்லுங்கோ."

"பச்சை, அன்ரி," என்றாள் அந்தப் பெண். அதற்குப் பிறகுதான் அக்கா, இதையே எடுப்போம் என்றார்.