ப்ளஸ் டூ என்று சொல்லிச் சேர்ந்த வேலை

என் மகள் எம்.ஏ. படித்தவள். என்ன எம்.ஏ. என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் உடம்பு கூசும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். தெற்காசியப் படிப்பு என்று அவள் சொல்லிக்கொடுத்ததை மனப்பாடமாக வைத்திருக்கிறேன். இலங்கை, நேபாளம், வங்காளதேசம், இந்த நாடுகளின் அரசியல், சண்டை, வியாபாரம் எல்லாம் அதில் வருமாம். புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருக்காரர்கள் அதைக் கேட்டதும், "அப்போ பொண்ணு பிரான்சுக்குப் போகுதா?" என்பார்கள். இந்த ஊரில் வெளிநாடு என்றால் அது ஒன்றுதான். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன்.

படிப்பு முடிந்ததும் அவள் ஏறாத படி இல்லை. கல்லூரி வேலைக்கு அரசியல் பாடம் படித்தவர்கள்தான் வேண்டும் என்றார்கள். இதுவும் அரசியல்தானே என்று கேட்டாளாம். அதற்கு இது சமம் என்று சான்று வாங்கி வா என்றார்கள். அந்தச் சான்றை யார் கொடுப்பார்கள் என்று அவர்களுக்கே தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் இந்தப் பாடமே கிடையாது. டெல்லியில் ஓர் ஆராய்ச்சி இடத்தில் கூப்பிட்டார்கள், ஆறு மாசம் சம்பளம் இல்லாமல் வேலை பார்க்க வேண்டுமாம். அங்கே போய் அவள் எதைச் சாப்பிடுவாள்?

வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா தேடித் தேடிப் பார்த்தார்.

"இந்தப் பாடம் இதுல வரவே இல்லையேம்மா. 'இதர'ன்னு போட்டுக்கறேன்."

பின்னால் நின்ற ஒருத்தன், "நேப்பாளத்துல போய் பதியச் சொல்லுங்க மேடம்" என்றான். வரிசையே சிரித்தது. என் மகளும் சிரித்தாள். வெளியே வந்ததும் பதிவு அட்டையை நாலாக மடித்து ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் போட்டாள்.

என் தம்பி சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி பஸ் ஓட்டுகிறான். என் வீட்டுக்காரர் தவறிய பிறகு எங்களுக்கு ஒன்று என்றால் வந்து நிற்பவன் அவன்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான்.

"அக்கா, எங்க கம்பெனி பேக்கிங்ல பொம்பளப் புள்ளைங்கள எடுக்கறாங்க. ஆனா ப்ளஸ் டூன்னு மட்டும் சொல்லணும். எம்.ஏ.ன்னா எடுக்க மாட்டான்."

"ஏன் மாமா?" என்றாள் மகள்.

"படிச்சவ கேள்வி கேப்பா, ரெண்டு மாசத்துல ஓடிடுவா. அதான்."

"இத்தினி வருஷம் என்னா பண்ணேன்னு கேட்டா?"

"வீட்ல துணி தச்சேன்னு சொல்லு."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இவளுக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது.

தம்பி போன பிறகு அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நீ சொல்லும்மா. போகட்டுமா, வேணாமா?" என்றாள். போனால் படிப்பு போச்சு. போகாவிட்டால் வாடகைக்கு வழி இல்லை. நான் எழுந்து அரிசி களையப் போய்விட்டேன். மறுநாள் எம்.ஏ. சான்றிதழை பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துவிட்டு ப்ளஸ் டூ மார்க் ஷீட்டை எடுத்துக்கொண்டு போனாள். சேர்த்துக்கொண்டார்கள்.

அங்கே வங்காளத்துப் பையன்கள் நிறைய. ஒருநாள் ஒருவன் ஓடுகிற மெஷினில் கையை விடப் போயிருக்கிறான். இவள் அவன் பாஷையிலேயே கத்திவிட்டாள். எம்.ஏ.வில் அந்தப் பாஷையை ஒரு பாடமாக எடுத்திருந்தாள். கை தப்பியது. சூப்பர்வைசர் வந்து, "உனக்கு எப்படித் தெரியும் இது?" என்று கேட்டிருக்கிறார்.

"சீரியல் பாத்து சார்."

"எந்த சேனல்ல போடறான், எனக்கும் சொல்லேன்" என்று சிரித்தாராம். அன்றிலிருந்து அந்தப் பையன்களிடம் எது சொல்வதென்றாலும் இவளைத்தான் கூப்பிட்டார். அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது. கேட்கவும் முடியாது, கேட்டால் எங்கே படித்தாய் என்று வரும். என் தம்பிக்கு மட்டும் பெருமை. "பாத்தியாக்கா, படிப்பு வீணாப் போவல" என்றான். மகள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. என்றாலும் அந்த நாட்களில் அவள் கொஞ்சம் நன்றாகச் சாப்பிட்டாள். ஒருவன் ஊரில் வெள்ளம் வந்தது, ஒருவன் தங்கைக்குக் கல்யாணம் என்று கதை சொல்வாள்.

போன வாரம் வேலை முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"அந்தப் பையன்கள்ல நாலு பேர நாளையிலேந்து வரவேணாம்னு சொல்லச் சொன்னாங்கம்மா. என்னையே சொல்லச் சொன்னாங்க."

"நீ சொன்னியா?"

"சொன்னேன். மெஷின்ல கைய விடப் போனான்னு சொன்னேன்ல, அவனும் அதுல ஒருத்தன். 'இத நீங்க சொல்றீங்களா அக்கா, அவங்க சொல்றாங்களா'ன்னு கேட்டான்."

தட்டை வைத்தேன். அவள் தொடவில்லை. படுக்கப் போகும்போது மறுபடி அதே கேள்வி. "நாளைக்குப் போகட்டுமா, வேணாமா? இப்பவாவது சொல்லும்மா."

நான் பாயை விரித்தேன். தலையணையைத் தட்டினேன். போகாதே என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லிவிட்டு அப்புறம் அவளை எங்கே அனுப்புவேன்? அவளுக்கான இடம் எது என்று அத்தனை படித்தவளுக்கே தெரியவில்லை. எனக்கு எப்படித் தெரியும்?

விடியும்போது எப்போதும்போல எழுந்து உலை வைத்தேன். வேறு எதுவும் நினைத்து வைக்கவில்லை, கை பழக்கம். டிபன் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவைத்திருந்தேன். அவள் எழுந்து வந்து அடுப்பையும் டப்பாவையும் பார்த்தாள்.

"சரி, போறேன்" என்றாள்.

நான் அதற்காக வைக்கவில்லை என்று சொல்வதற்குள் குளிக்கப் போய்விட்டாள். தெருமுனையில் என் தம்பி பஸ்ஸை நிறுத்தி ஹாரன் அடித்தான். டப்பாவில் சோற்றை அள்ளிப் போட்டு மூடிக் கொடுத்தேன்.