லேப்டாப்புக்கு வைத்த பொட்டு

எல்லாவற்றையும் அழித்துவிடட்டுமா என்று லேப்டாப் கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன். செவிலிமேட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன் நான். எவர் என்ன கேட்டாலும் முதலில் ஆமாம் சொல்லித்தான் பழக்கம். அன்றைக்கும் அந்த வாய்தான் என்னைக் கெடுத்தது.

என் வீட்டுக்காரி கணக்கு டீச்சர். டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து இடுப்பு எலும்பு போனதிலிருந்து பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் நிற்க முடியாது. நிற்க முடியாத டீச்சரை எந்தப் பள்ளிக்கூடம் வைத்துக்கொள்ளும்? இரண்டு வருஷமாக வீட்டில் இருந்தாள். அப்போதுதான் ஒரு ஆன்லைன் டியூஷன் கம்பெனியிலிருந்து அந்த வேலை வந்தது. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டரில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரலாம். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். ஆனால் கம்ப்யூட்டர் சொந்தமாக இருக்க வேண்டும், எதில் மாதிரி வகுப்போ அதில்தான் வேலையும். அதில் புதிய ஓஎஸ், அதாவது கம்ப்யூட்டரையே ஓட்டுகிற மென்பொருள், இருக்க வேண்டும், அதுவும் லைசென்ஸோடு. அவர்கள் அனுப்பும் சோதனை புரோகிராம் லைசென்ஸ், கேமரா, ஓஎஸ் மூன்றுக்கும் பச்சை டிக் போட்டால்தான் உள்ளேயே விடும்.

எங்களிடம் இருந்தது பழைய லேப்டாப், அதைவிடப் பழைய ஓஎஸ். மாற்றித் தருகிறேன் என்று நான்தான் மார்தட்டினேன். புதன்கிழமை காலை, செல்போனில் ஒரு வீடியோவைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக அழுத்தினேன். பழையது முழுக்க அழிந்தது. புதியதை ஏற்றப் போகும்போது, லைசென்ஸ் சாவி எங்கே என்று கேட்டது. இருபத்தைந்து எழுத்து. லேப்டாப்பின் அடிவயிற்றில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பார், அந்தப் பழைய சாவியே புதியதற்கும் செல்லும் என்றது வீடியோ.

திருப்பிப் பார்த்தேன். ஸ்டிக்கர் மேல் சந்தனமும் குங்குமமும்தான் இருந்தது.

ஆயுத பூஜைக்கு ஆட்டோவுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறேன். சோறு போடுகிற லேப்டாப்புக்கு வைக்காமல் இருப்பேனா? மூடியில் வைத்தால் ஸ்கூலில் எல்லாரும் சிரிப்பார்கள் என்று அவள் சொன்னதால் வருஷா வருஷம் அடியில் வைத்தேன். அங்கே வெள்ளையாக ஒரு சதுரம் இருந்தது. பொட்டு எடுப்பாகத் தெரியும் என்று அதன் நடுவிலேயே வைத்தேன். அடுத்த வருஷம் ஈரத்துணியால் பழையதைத் தேய்த்துத் துடைத்துவிட்டுப் புதிதாக வைத்தேன். சாவியை என் கையாலேயே பக்தியோடு தேய்த்து அழித்திருக்கிறேன்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து சர்வீஸ் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் எனக்குத் தெரிந்தவர்தான். திருப்பிப் பார்த்தார்.

"இன்னாண்ணா இது? லேப்டாப்பா, சந்தனக்காப்பு சாத்துன சாமியா?"

"பூஜைக்கு வச்சதுபா."

"வைக்கிறது வச்ச, அந்த ஸ்டிக்கர் மேலதான் வைக்கணுமா? ஓஎஸ்ஸை எங்கிட்ட கொண்டாந்திருந்தா பழசு மேலயே புதுச ஏத்தியிருப்பேன். சாவியே கேட்டிருக்காது. நீ வீட்ட இடிச்சிட்டு வந்து பட்டா எங்கன்னு தேடிக்கினு இருக்கிற."

புதிதாக லைசென்ஸ் வாங்கினால் என்ன என்றேன். "அந்தக் காசுக்கு இதே மாதிரி கிழடு இன்னொண்ணு வாங்கிடலாம். அப்பவும் இதுக்கு மெமரி பத்தாது. சட்டியில இருந்தாத்தானேண்ணா அகப்பையில வரும்?" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "கிராக் போட்டுத் தரவா? மேலுக்கு ஒண்ணும் தெரியாது."

வீட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அவளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"காப்பி அடிக்காதடான்னு பசங்களுக்குச் சொல்றவ நான். முதல் நாளே திருட்டுச் சாவி போட்டு உள்ள போவணுமா? வேணாய்யா. வீட்டுக்குக் கொண்டா."

கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டார். "டீச்சரு டீச்சருதான்" என்று லேப்டாப்பைப் பையில் போட்டுக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் ஏறிய பூக்காரம்மாவிடம் பாரம் தாங்காமல் கதையைக் கொட்டினேன். "கெழவிக்குப் புதுத் தாலி கட்டிட்டா மூட்டு வலி போயிடுமாபா?" என்றது அந்த அம்மா. வேறு நாளாக இருந்தால் அந்தச் சொல்லை மடித்து வைத்துக்கொண்டு, ஆட்டோவில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லியே ஒரு வாரம் ஓட்டியிருப்பேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

ஸ்டிக்கரைச் செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்தோம். இருபத்திரண்டு எழுத்து தேறியது. ஒன்று ஆங்கில பி-யா எட்டா, இன்னொன்று ஜி-யா ஆறா என்று சொல்ல முடியவில்லை. மூன்றாவது இடத்தில் எழுத்தே இல்லை, குங்குமக் கறைதான். இந்தச் சாவிகளில் மொத்தமே இருபத்து நாலு எழுத்துதான் வருமாம்; என்னென்ன வரலாம் என்று அவள் நோட்டில் கட்டம் போட்டு எழுதினாள். நூறுக்குப் பக்கம் வந்தது. வியாழக்கிழமை நான் ஆட்டோ எடுக்கவில்லை. அவள் வாசிக்க வாசிக்க நான் ஒற்றை விரலால் அடித்தேன். ஒவ்வொரு முறையும் மெஷின் பத்து நிமிஷம் யோசித்துவிட்டு, சாவி தவறு என்றது. ஒவ்வொரு முறையும் அவள் நோட்டில் ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

"இத்தன வருஷம் பசங்களுக்கு நான் தப்பு போட்டேன். இப்ப மெஷின் எனக்குப் போடுது."

"என்னாலதாம்மா" என்றேன்.

"அத அப்புறம் பேசலாம். அடி."

அவள் திட்டியிருந்தால் தேவலை. அடுத்ததை அடித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு, நோட்டில் கடைசிக்கு முந்தின வரியில், சாவி ஏறியது. இரண்டு பேரும் கத்தவில்லை. கத்தினால் போய்விடும் போலிருந்தது. அவள் குளித்துப் புடவை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மெஷின் ஊர்ந்தது. பத்து மணிக்கு ஏற்றி முடித்தது. சோதனையை ஓட்டினோம். லைசென்ஸுக்குப் பச்சை. கேமராவுக்குப் பச்சை. மூன்றாவது டிக் விழவில்லை. இந்த ஓஎஸ்ஸுக்கு இன்னும் அப்டேட் பாக்கி என்றது. யோசிக்காமல் ஆமாம் என்று அழுத்தினேன்.

நீலத்திரையில் வட்டம் சுற்றியது. அணைக்காதீர்கள் என்று எழுதியிருந்தது. இருபது சதவீதம். பத்தே முக்காலுக்கு இருபத்தேழு. பதினோரு மணிக்கும் இருபத்தேழு. கடைக்காரர் சொன்ன சட்டியும் அகப்பையும் ஞாபகம் வந்தது.

பதினொன்று அடித்து ஐந்து நிமிஷம் ஆனது. அவள் தொண்டையைச் செருமினாள்.

"குட் மார்னிங். இன்னைக்கு நாம பின்னம் பார்க்கப் போறோம்."

சுற்றுகிற வட்டத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். ஒரு வட்டத்தை நாலாகப் பிரித்தால் ஒரு பங்குக்கு என்ன பெயர் என்று கேட்டாள். பதில் சொல்ல யாருமில்லை. நான் தரையில் உட்கார்ந்து "கால்" என்றேன். "கரெக்ட்" என்றாள். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. இருபது நிமிஷம், தயார் செய்து வைத்திருந்த பாடம் முழுவதையும் எடுத்து முடித்தாள். பிறகுதான் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

லேப்டாப் ஒன்றரை மணிக்குத் திறந்தது. மூன்றும் பச்சை. நடந்ததை எழுதி அனுப்பினாள். அடுத்த சுற்று வரும்போது தெரிவிக்கிறோம் என்று பதில் வந்தது. எப்போது என்று அதில் இல்லை. இன்னமும் தினம் காலையில் திறந்து பார்த்துவிட்டு மூடுகிறாள்.

இந்த வருஷ ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு போனேன். லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். அழியாத மையில் இருபத்தைந்து எழுத்தையும் எழுதி, மேலே கண்ணாடி டேப் ஒட்டியிருந்தாள்.

"மூடி மேல வைய்யா" என்றாள். "யார் சிரிச்சா எனக்கின்னா. ஆனா ஒண்ணே ஒண்ணு. அதயும் ஈரத்துணி வச்சித் துடைக்கிற வேலயெல்லாம் வேணாம்."