ஒன்றும் வேண்டாம் என்ற அத்தை

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது என் அத்தையை யாரோ திருடிவிட்டார்கள். அந்தப் பிற்பகல் முழுவதும் அத்தை சிங்கப்பூரின் ஈசூனில் தம் வீட்டில் துணி மடித்துக்கொண்டுதான் இருந்தார்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் அது. அம்மாவின் கைப்பேசிக்கு, அத்தையின் பெயரோடும், பட்டுச்சேலையில் அவர் இருக்கும் முகப்புப் படத்தோடும் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. தொந்தரவுக்கு மன்னிக்கவும், உன் எண்ணுக்குத் தவறுதலாக ஒரு ரகசியக் குறியீடு வந்திருக்கும், அதை எனக்கு அனுப்ப முடியுமா என்றது.

அத்தை அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டில் அவர் எதையும் கேட்டதில்லை. சொல்வார், நாங்கள் செய்வோம். தம்பி வீட்டில் அக்காவுக்கு உள்ள உரிமை அது. அப்படிப்பட்டவர் மன்னிப்புக் கேட்டதில் அம்மா உருகிப்போனார்.

“பாரேன், அண்ணி எவ்வளவு மரியாதையா கேக்குறாங்க” என்றபடி குறியீட்டைத் தேடத் தொடங்கினார்.

எனக்கு அந்த மரியாதைதான் இடித்தது. “இரும்மா” என்று கைப்பேசியை வாங்கி, அம்மா எழுதுவதுபோல், தீபாவளிக்கு வரும்போது என்ன வாங்கி வரட்டும் என்று தட்டினேன். உடனே பதில் வந்தது: ஒன்றும் வேண்டாம், நீங்கள் வந்தாலே போதும்.

“அம்மா, இது அத்தை இல்ல லா.”

அம்மா மறுபடி படித்தார். அப்பா அத்தைக்கு நேரடியாக அழைத்து, எங்களுக்கும் கேட்கும்படி வைத்தார்.

“நானே கூப்பிடணும்னு இருந்தேன், தம்பி. காலையில யாரோ கேட்டாங்கன்னு கோட் நம்பரைக் கொடுத்துட்டேன். இப்ப எவனோ என் பேர்ல எல்லாருக்கும் மெசேஜ் அனுப்புறான். நீங்க எதுவும் அனுப்பிடலையே?”

“உன் மருமக பிடிச்சிட்டாக்கா. ஒன்னும் வேணாம்னு சொல்லி மாட்டிக்கிட்டான்.”

“கெட்டிக்காரிதான். சரி, வர்றப்ப தேக்கா மார்க்கெட்ல எனக்கு நாலு முழம் மல்லிகை வாங்கிட்டு வா. நெருக்கமா கட்டினதா பாரு.”

அம்மா அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை.

இதற்கு அடையாளத் திருட்டு என்று பெயர் என்றார் அப்பா. ஒருவருடைய பெயரையும் படத்தையும் எண்ணையும் எடுத்துக்கொண்டு, அவராகவே நடித்து, அவரை நம்புகிறவர்களிடம் காரியம் சாதிப்பது. குறியீட்டை அனுப்பியிருந்தால் அடுத்து அம்மாவின் பெயரிலும் செய்திகள் போயிருக்கும். படத்தைத் திருடியவனுக்கு அதிகாரம் பண்ணத் தெரியவில்லை என்று நான் பள்ளியில் ஒரு வாரம் சொல்லித் திரிந்தேன்.

அத்தையின் கணக்கு சில நாள்களில் மீண்டது. வழக்கை நான் அத்துடன் முடித்துவிட்டேன். அத்தை முடிக்கவில்லை. முழங்கால் வலியோடு ரயிலேறி, செய்தி போன வீடுகளுக்கெல்லாம் போனார். முதலில் புக்கிட் பாஞ்சாங்கில் சம்பந்தி வீடு, அப்புறம் மற்றவர்கள், கடைசியில் கிளமெண்டியில் நாங்கள். ஒவ்வொரு கூடத்திலும் எல்லாரும் பார்க்க உட்கார்ந்து, “அப்படிக் கெஞ்சிக் கேட்டது நான் இல்ல” என்று சொல்லிவிட்டு வந்தாராம். எங்களிடமும் அதையே சொன்னார்.

எங்களுக்குத்தான் தெரியுமே என்று எனக்கு வியப்பாக இருந்தது. என்னைப் பாராட்டத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்று முடிவுசெய்து, அவர் கண்ணில் படும்படி போய் நின்றுகொண்டேன்.