அக்காவுக்குத் தலை பின்னிய நாள்

நாங்கள் குடியேறியிருந்த பிரெஞ்சு பேசும் ஊரில், அப்பா பல்கலைக்கழகத்தில் சரித்திரம் கற்பித்தார். அந்தக் காலத்து ஹாங்காங்கில் சீனக் குடும்பங்கள் ஏழைச் சிறுமிகளை விலைக்கு வாங்கி வீட்டு வேலைக்கு வைத்திருந்ததையும், அதைத் தடுக்க வெள்ளைக்காரர்கள் போட்ட சட்டம் பல்லிளித்ததையும் பற்றித்தான் அவர் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். அதிகாரி கதவைத் தட்டினால், இவள் எங்கள் வளர்ப்பு மகள் என்பார்களாம். அவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவாராம். "பொண்ணைத் தனியா கூப்பிட்டுக் கேட்டிருக்கணும். அந்த மூளை ஒருத்தனுக்கும் இல்லை" என்று சாப்பாட்டு மேசையில் அப்பா கொதிப்பார். அவர் தட்டில் அக்கா ரசம் ஊற்றிக்கொண்டிருப்பாள்.

அக்கா என் கூடப் பிறந்தவள் இல்லை. தம்பி பிறந்தபோது, படிக்க வைக்கிறோம் என்று சொல்லி ஊரிலிருந்து அழைத்து வந்த தூரத்து உறவுப் பெண். பதின்மூன்று வயதிருக்கும். பள்ளிக்கூடம் மட்டும் அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிப்போனது. அம்மாவைப் பெரியம்மா என்பாள். எனக்கோ எல்லாமே அவள்தான். என் கையுறைகளை ஹீட்டரில் காயவைத்து, சூடு ஆறுவதற்குள் மாட்டிவிடுவாள்.

பள்ளி வயதுப் பெண் பகலில் வீட்டில் இருப்பதாக யாரோ புகார் சொல்லிவிட்டார்கள். விசாரிக்க வரப்போவதாகக் குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. அக்காவைக் கூட்டிப்போய்விடுவார்களோ என்று நான் அவள் பின்னாலேயே சுற்றினேன். அன்று காலை அம்மா முதல்முறையாக அவளைத் தன் முன்னால் உட்காரவைத்து, எண்ணெய் தடவி, சிக்கெடுத்து, எனக்குப் போடுவது போலவே இரட்டைப் பின்னல் போட்டாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

வந்தவர் ஒரு பிரெஞ்சுக்கார அம்மாள். மொழிபெயர்க்க யாழ்ப்பாணத்து மாமி ஒருவரும் கூட வந்தார். அப்பா சொன்ன மூளை அவர்களுக்கு இருந்தது. அக்காவைத் தனியாகச் சமையலறைக்கு அழைத்துப்போனார்கள். அவள் கையைப் பிடித்திருந்த என்னை யாரும் பொருட்படுத்தவில்லை.

"பயப்பிடாதேங்கோ பிள்ளை. நீங்கள் சொல்லுறதை அவையளுக்குச் சொல்லமாட்டம். வெளியில இருக்கிறவ உங்களுக்கு ஆர்?"

"எங்கம்மா."

"உண்மையாவோ?"

"ஆமா. எங்கம்மாதான்."

அவளைச் சீக்கிரம் பள்ளியில் சேர்க்கச் சொல்லிவிட்டு, வேறெதுவும் செய்ய வழியில்லாமல் அவர்கள் போனார்கள். அப்பா பெருமூச்சு விட்டார். அக்கா கூடத்துக்கு ஓடிவந்து, "அம்மா, தம்பிக்குப் பால் காய்ச்சட்டுமா?" என்றாள்.

"அவங்கதான் போயாச்சே. இனிமே பெரியம்மான்னே கூப்பிடு" என்றாள் அம்மா.

எதற்கு வம்பு என்று அடுத்த மாதமே அவளை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கே இருக்கிறாளோ! ஒரு தடவை பார்த்துவிடமாட்டோமா என்று ஒவ்வொரு குளிர்காலமும் ஏங்குகிறேன். ஆனால் அன்று, அவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பொய் சொல்லித் தப்பித்த பிறகு, அக்கா ஏன் சமையலறையில் போய் அழுதாள் என்றுதான் எனக்குப் புரியவில்லை.