வண்டியில் வந்த கடப்பைக் கல்

தரைக்குக் கல் பதிக்கக் கொத்தனார் யாரும் காலனிக்குள் வரமாட்டார்கள் என்று தெரிந்ததும், விக்டோரியா தானே பதிப்பதென்று முடிவு செய்தாள். அது 1972. ஆரம்பாக்கத்துக்கு மேற்கே இருந்த அந்தக் கிராமத்தில், காலனி வீடு என்றால் சாணி மெழுகிய மண்தரைதான்.

அவளும் கணவன் சாலமோனும் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் அருகே இருந்த கல் கடைக்குப் போனார்கள். ஒரு பக்கம் கையகலச் சிவப்பு ஓடு. மறுபக்கம் இரண்டடிச் சதுரக் கடப்பைக் கல்.

"நீயே போடப்போறியா? அப்ப சின்னது வாங்கிக்கம்மா. கொஞ்சம் கோணினாலும் தெரியாது" என்றார் கடைக்காரர்.

விக்டோரியாவுக்கும் அதுதான் சரியென்று பட்டது. தலையை ஆட்டப்போனாள். அதற்குள் சாலமோன் காதோரம் வந்து சொன்னான்:

"சின்னதே இருக்கட்டும்மே. கூடையில வெச்சி வரப்பு மேலயே தூக்கிக்கினு போயிடலாம். பெரிசுன்னா வண்டி கட்டணும். வண்டின்னா ஊர்த்தெரு வழியாத்தான் போவணும்."

ஊர்த்தெருவில் காலனிச் சாமான் போவதில்லை. எந்தச் சட்டமும் அப்படிச் சொல்லவில்லை, வழக்கம், அவ்வளவுதான். விக்டோரியா கல்யாணப் பெண்ணாக வந்ததே புதுச்சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்று வரப்பில்தான்.

"பெரிய கல்லே குடுங்க" என்றாள் கடைக்காரரிடம்.

ராஜவேலுவின் வாடகை வண்டி ஊர்த்தெருவின் பாதியை எட்டுவதற்குள், நிலக்காரர் மணவாளன் வாசலிலிருந்து இறங்கி வந்து குறுக்கே நின்றார்.

"யாரு சாமான்டா இது?"

"விக்டோரியாதுங்க நைனா. வாடகைக்கு ஏத்திக்கினு வந்தேன்." ராஜவேலு சட்டென்று குதித்து மாட்டை அவிழ்த்துவிட்டான்.

சாலமோனோடு வண்டிக்குப் பின்னால் நடந்துவந்த விக்டோரியாவிடம் மணவாளன் திரும்பினார். "இன்னாமே, வழி தப்பிடுச்சா?"

"வழி சரிதாங்க. கல்லுதான் வரப்புல போவாது."

"நாளைக்கு என் கழனிக்கு நடவுக்கு வருவியா, மாட்டியா? அத்தச் சொல்லு மொதல்ல."

சாலமோனுக்கு ஒரு பட்டறையில் வேலை. பட்டறைச் சம்பளத்தில் பாதி மாதம்தான் ஓடும். மீதி மாதம் அவள் நட்டுக் கொண்டுவரும் நெல்.

"வரலைங்க" என்றாள் விக்டோரியா. கல்லின் ஒரு முனையைப் பிடித்தாள். "புடிய்யா அந்தப் பக்கம்."

அவன் பிடித்தான். தெருவின் ஓரமாக அல்ல, நடுவில் நடந்தார்கள். இரண்டாவது கல்லுக்குத் திரும்பி வருகையில், பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரி இன்னும் நாலைந்து பெண்களோடு வந்துகொண்டிருந்தாள்.

"சேரிப் பொம்பளைங்க எல்லாம் கெளம்பிட்டீங்களாடி?" மணவாளன் கத்தினார்.

"ஒரு கல்லுக்கு ரெண்டு பேரு வேணுமே, ஆண்டே! எனக்குத்தான் ஜோடி கெடைக்கல. நீங்க ஒரு பக்கம் புடிக்கிறீங்களா?" என்றாள் ஆரோக்கியமேரி.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு ஊர்க்காரர் வாசல் ஒன்றிலிருந்துதான் வந்தது. மணவாளன் அந்த வாசலைப் பார்த்து முறைப்பதற்குள் கூட வந்த பெண்களில் ஒருத்தி ஆரோக்கியமேரிக்கு ஜோடியாகிவிட்டாள். பொழுது சாய்வதற்குள் வண்டி காலி.

நடவுக்கு முன் கழனியைச் சமன் செய்வதுபோல வீட்டுக்குள் தண்ணீர் ஊற்றி, மேடு தெரிந்த இடத்தைச் செதுக்கி, மணல் பரப்பிக் கல்லைப் பதித்தாள் விக்டோரியா. மூலையில் ஒன்று மட்டும் எத்தனை முறை எடுத்துப் போட்டும் ஆடியது. அதன் மேல் அரிசிப் பானையை வைத்துவிட்டாள். அந்த நடவுப் பட்டத்தில் பானை பாதிகூட நிறையவில்லை. நடவுக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. மீஞ்சூரில் ஒரு ரைஸ் மில்லுக்கு, விடியும் முன் ரயிலேறிப் போய் நெல் காயவைத்தாள்.

பொங்கல் கழிந்து ஆரோக்கியமேரி வீட்டுக் கூரைக்கு ராஜவேலுவின் வண்டியில் மரம் வந்தது. துணைக்குப் போன விக்டோரியா மரத்தின் மேலேயே உட்கார்ந்து வந்தாள். ஊர்த்தெரு முனையில் ராஜவேலு மாட்டை இழுத்துப் பிடித்தான்.

"இங்கியே எறக்கிடவா?"

"எறக்கிக்கோ. பாதி வழிக்குப் பாதி வாடகைதான்."

ராஜவேலு தெருவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவள் இறங்குகிற மாதிரி தெரியவில்லை.

"பேஜாரு புடிச்ச பொம்பள" என்று முணுமுணுத்துக்கொண்டே மாட்டைத் தட்டி ஓட்டினான்.