மோட்டர் ஓடும்போது கேட்கக் கூடாத இசைத்தட்டு

அந்த இங்கிலீசுக் குழுவின் இசைத்தட்டுகளில் ஒருவரும் சீண்டாதது இதுதான் என்று பாட்டு விசயம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். கிற்றாரையும் நாட்டுப்பாட்டையும் கலந்து கலக்கிய வெள்ளைக்காரர்கள் இதில் சோர்ந்துபோனார்களாம். சொல்லிவிட்டுப் போகட்டும். அவர்கள் அதை யாழ்ப்பாணத்தில், எங்கள் சண்டிலிப்பாயில் வைத்துக் கேட்கவில்லை.

எழுபதுகளில் எனக்குக் கலியாணம் பேசினார்கள். மாப்பிள்ளை கொடிகாமம், கொழும்பில் கந்தோர் வேலை. சாதகக் குறிப்பும் பொருந்திவிட்டது. பெண் பார்க்க வருவதற்கு முன்னால் அவர் தரகரிடம் இந்தத் தட்டைக் கொடுத்தனுப்பினார். தனக்கு மிகவும் பிடித்ததாம், நானும் கேட்க வேண்டுமாம். படத்தைப் பார்த்தபோதே எனக்குப் பிடித்துப்போன ஆள். இதைக் கண்டதும் தலைகால் தெரியவில்லை.

அண்ணை வேலையால் வந்ததும் பின்னேரம் பிளேயரில் போட்டார். ஐயோ! ஆட்கள் கிணற்றுக்குள் இருந்து முனகினார்கள். கிற்றார் இழுபட்டு இழுபட்டு அழுதது.

"உதென்னடா செத்தவீட்டுப் பாட்டு?" என்றார் அம்மா. "கலியாணம் பேசிற நேரத்தில உதையோ அனுப்பிறது?"

"இங்கிலீசில அப்பிடித்தான் அம்மா," என்றார் அண்ணை, தனக்கு ஏதோ தெரிந்தமாதிரி.

"ஒரு இங்கிலீசும் இல்லை. அவருக்கு வேற ஆரிலயோ மனம். அதை நினைச்சு அழுறார்."

அடுத்த நாள் பின்னேரமும் போட்டோம். முதல் நாளைவிட மோசம். தரகர் வந்ததும் தட்டைத் திருப்பிக் கொடுத்து, சம்பந்தம் வேண்டாமென்று சொல்லிவிடுவதாக அம்மா முடிவெடுத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகைகூட வரவில்லை. குறிப்பே பொருந்திய மனிதனை ஒரு பாட்டா கவிழ்ப்பது?

தரகர் வர இருந்த அன்று விடியவே மழை பிடித்துக்கொண்டது. கடைசியாக ஒருதரம் கேட்போம் என்று போட்டேன். கிற்றார் துள்ளிக் குதித்தது! ஆட்கள் கைதட்டிப் பாடினார்கள். அடுப்படியில் அம்மாவின் கால் தானாகத் தாளம் போட்டது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. பின்னேரங்களில் எங்கள் ஒழுங்கைத் தோட்டக்காரர் எல்லாரும் வெங்காயத்துக்கு இறைக்க மோட்டர் போடுவார்கள், கரண்ட் வலு குறைந்துவிடும்; இன்று மழையில் ஒருவரும் இறைக்கவில்லை. பல்ப் மங்குவது எங்களுக்குப் பழக்கம். பிளேயரும் சேர்ந்து களைத்து மெல்லச் சுற்றும் என்று யோசிக்க வீட்டில் ஒருவருக்கும் மூளை இல்லை. தரகரிடம் அம்மாவே, "ஓம், வரச்சொல்லுங்கோ," என்றார்.

மாப்பிள்ளை வந்தது நல்ல வெயில் நாளில், அதுவும் பின்னேரம். அண்ணை பெருமையாகத் தட்டைப் போட்டார். முதல் பாட்டு பாதிகூடப் போகவில்லை, பக்கத்துக் காணியில் மோட்டர் உறுமியது. அதற்கடுத்த காணியிலும் உறுமியது. பாட்டு படுத்துவிட்டது. மாப்பிள்ளையின் முகம் கறுத்தது.

"இவ இதை இப்பிடிக் கேட்டிட்டோ ஓம் எண்டவ?" என்று தரகரிடம் மெல்லக் கேட்டார்.

கதவுக்குப் பின்னால் நின்ற நான் அம்மாவுக்குக் கண்ணைக் காட்டினேன். அம்மா தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு வேலிக்கு ஓடினார்.

"மோட்டரை நிப்பாட்டுங்கோ! மாப்பிள்ளை பாட்டுக் கேக்கிறார்!"

அந்தச் சத்தம் வேலிக்கு வேலி கைமாறிப் போனது. மோட்டர்கள் ஒவ்வொன்றாக அடங்க அடங்க, பாட்டு எழும்பி எழும்பி வந்தது. பாதி நனைந்த வெங்காயப் பாத்திகளுக்கு நடுவில், மண்வெட்டியும் கையுமாக அயல்சனம் முழுக்க நின்று கேட்டது. மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார்.

தட்டு முடிந்ததும் பக்கத்துக் காணிக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, சம்மதமோ? வெங்காயம் காயுது."

"ஓம் அண்ணை, சம்மதம்," என்றார் மாப்பிள்ளை. "நீங்கள் இறையுங்கோ."