அரைக் கட்டை

ரேடியோக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பார்கள். சும்மா சொல்லக் கூடாது, மூக்கோடு நின்றுவிடுகிற கோபம் இல்லை அது. பழுதான ரேடியோவைத் தூக்கிக்கொண்டு யாராவது கடை வாசலில் வந்து நின்றால் போதும், "அடுப்புப் பக்கத்துல வெச்சா அது பாடுமா, இருமுமா?" என்று ஆரம்பித்துவிடுவாள். திட்டிக்கொண்டே சரிசெய்தும் கொடுத்துவிடுவாள். இருபத்துநாலு வயதில், அப்பா போனதும் கடையைக் கையில் எடுத்தவள். பெயர்ப் பலகையில் தன் பெயரை எழுதி மாட்டிய அன்று, "பொம்பள கையில ரேடியோ என்ன பாடுபடப்போகுதோ" என்று எதிர்க்கடைத் தையல்காரர் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். அது அவளுக்கு நெஞ்சில் தைத்துவிட்டது.

சனிக்கிழமை ஆனால் ரேடியோக்கா வேறு ஆள். எண்பதுகளில் உலகத்தையே ஆட்டிவைத்த பாப் பாடகிகள் இருவர், அக்காவும் தங்கையும். தலைமுடியைச் சீவிச் சீவி ஆகாயத்தைப் பார்க்க நிறுத்தி, தோளில் தலையணை வைத்த மாதிரி கோட்டுப் போட்டுப் பாடுவார்கள். அவர்களைப் போலவே வேடம் கட்டிப் பாட இங்கே ஒரு குழு. பெயர் 'அச்சு அசல்'. அதில் அக்கா ரேடியோக்கா, தங்கை அவளுடைய சொந்தத் தங்கை, சின்னவள். பழைய சோபாவைக் கிழித்து உள்ளே இருந்த பஞ்சை எடுத்துத் தோளுக்குத் தைத்துக்கொண்டார்கள். நடந்தால் சின்னவளுடைய இடது தோள் மட்டும் முன்னால் சரிந்து வரும். "ஏய், உன் தோள் உனக்கு முன்னாடியே மேடைக்குப் போகுதுடி" என்று அக்கா சிரிப்பாள். சின்னவளும் சிரிப்பாள். அப்போதெல்லாம் இரண்டு பேரும் ஒரே கட்டிலில் படுத்து, ஒரே சீப்பால் தலைவாரியவர்கள்.

பாட்டுகளை அவர்கள் படித்தது ஒரே ஒரு கேசட்டிலிருந்து. அதைப் போட்டுக் கேட்டது அப்பா விட்டுப்போன ஒரே ஒரு டேப் ரெக்கார்டரில். அது இழுத்து இழுத்து, தூக்கக் கலக்கத்தில் பாடுவதுபோல் பாடிக்கொண்டிருந்தது. ரேடியோக்கா அதைத் திறந்து, மோட்டாரின் முதுகில் இருந்த சின்னத் திருகைத் திருப்பினாள். வேகம் ஏறியது. "இன்னும் கொஞ்சம்... ஆங், இப்ப சரி" என்று காதாலேயே அளந்து மூடிவிட்டாள். கடை கைக்கு வந்தபின் அவள் செய்த முதல் வேலை அதுதான்.

பாட்டுகளில் பெரிய பாட்டு ஒன்று உண்டு. அதன் முடிவில் தங்கை குரல் மட்டும் தனியாக மேலே போய், உச்சியில் நிற்க வேண்டும். சின்னவளுக்குத் தேன் குரல். ஆனால் அந்த இடம் வந்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். பத்து நாள் பாடிப் பார்த்துவிட்டு ஒரு மாலை மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, டேப் வேகமா ஓடுதுன்னு நினைக்கிறேன்."

"என்னது?"

"சுருதி அரைக் கட்டை மேல ஏறியிருக்குக்கா. காதுக்குத் தெரியல. என் தொண்டைக்குத் தெரியுது."

வந்ததே கோபம்! "நான் சரி பண்ண டேப்பு வேகமா ஓடுதா? எதிர்க்கடைக்காரன் சொல்லிக்குடுத்தானா? பாட வரலைன்னா பாட வரலைன்னு சொல்லு. மெஷின் மேல பழி போடாத."

சின்னவள் கேசட்டை எடுத்து டப்பாவில் போட்டாள். அந்த வாரமே ஒரு கம்பெனி ஆண்டு விழாவில் மேடை ஏறினார்கள். உச்சி இடத்தில் அவள் குரல் உடைந்தது. முன்வரிசையில் ஒருவன் கொக்கரித்துக் காட்டினான், கூடம் முழுக்கச் சிரித்தது. உடை மாற்றும் அறையில், டிரம் வாசிப்பவர், விளக்குக்காரர் எல்லாரையும் வைத்துக்கொண்டு ரேடியோக்கா சொன்னாள்: "உனக்குத் தொண்டையே இல்லடி. என் மானத்த வாங்குறதுக்குன்னே கூடப் பொறந்தியா?" சின்னவள் தோள் பஞ்சை உருவி மேசையில் வைத்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனாள். அடுத்த வாரம் அவள் இடத்தில் கீச்சுக்குரல் நர்ஸ் ஒருத்தி வந்து நின்றாள்.

சண்டை அதோடு முடிந்தது. பேச்சு முறியவில்லை, கல்யாணம் காட்சிக்குப் போய்வந்தார்கள். ஆனால் சின்னவள் பாடுவது நின்றுபோனது. பாட்டில் நிரப்பும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தாள். கைக்குழந்தையைத் தூங்கவைக்கக்கூட அவள் பாடியதில்லை, வெறுமனே முதுகைத் தட்டிக்கொண்டிருப்பாள். ரேடியோக்கா அதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, "புள்ளைக்குச் சளி பிடிச்சிருக்கா?" என்று வேறு எதையோ கேட்டிருக்கிறாள்.

முப்பத்தாறு வருடம் ஓடிப்போனது. எண்பதுகளின் பாட்டுக்குத் திடீரென்று மறுபடியும் மவுசு. நரைத்த தலைகள் கூடம் நிறைய வந்து, கைதட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். நர்ஸ், தன் மகன் குடும்பத்தோடு வெளிநாடு போய்விட, உச்சி இடமும் ரேடியோக்கா தலையில் விழுந்தது. அறுபது வயதுத் தொண்டை எங்கே ஏறும்? ஒத்திகையில் மூன்றுமுறை உடைந்தது. கீபோர்டுக்குப் புதிதாக வந்திருந்தவர் ஒரு பல் டாக்டர், நிதானமான மனிதர்.

"எதுக்கு இவ்வளவு கஷ்டப்படறீங்கக்கா? ஒரிஜினல் சுருதியிலயே பாடலாமே."

"ஒரிஜினல்லதான பாடறேன்?"

"இல்லக்கா. நீங்க அரைக் கட்டை மேல பாடறீங்க. உங்க குழுவே அப்படித்தான் வாசிக்குது. ஏதோ காரணம் இருக்கும்னு நானும் கேக்கல."

ரேடியோக்கா ஒத்திகையைப் பாதியில் விட்டாள். நேராக வீட்டுக்கு வந்து பரணில் ஏறினாள். டேப் ரெக்கார்டரை இறக்கி, கெட்டியாகிப்போன பெல்ட்டை மட்டும் மாற்றினாள். திருகைத் தொடவில்லை. ஒருபக்கம் கேசட், மறுபக்கம் மகளுடைய பழைய கைப்பேசியில் அதே பாட்டு. இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டாள். முதல் வரியிலேயே இரண்டும் ஒன்றையொன்று கடித்துக் குதறின. கேசட் கால் நிமிடம் முன்னால் ஓடி முடித்துவிட்டு, கடகடவென்று சும்மா சுற்றியது.

கேசட் டப்பாவில் மடித்து வைத்திருந்த அட்டையை அப்போதுதான் வெளியே எடுத்தாள். பாட்டு மனப்பாடம் ஆனபின் அதை எதற்கு எடுக்க? பெரிய பாட்டின் பெயருக்கு நேரே 4:10 என்று அச்சடித்திருந்தது. பக்கத்தில் பென்சிலால் 3:55. கீழே குண்டு குண்டாக, சின்னவள் கையெழுத்து: 'அக்கா, கடிகாரம் வெச்சுப் பாத்தேன்.'

ரேடியோக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். நியாயத்தை எடுத்துக் கையில் கொடுத்திருக்கிறாள் பாவி, முப்பத்தாறு வருடம் அதன்மேல் உட்கார்ந்துகொண்டு பாடியிருக்கிறோம். அழவும் வரவில்லை.

மறுநாள் காலை அட்டையையும் கைப்பேசியையும் எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள். எப்படியாவது காலில் விழுந்தாவது அவளை மேடைக்குக் கூட்டி வந்துவிட வேண்டும், சரியான சுருதியில் அவள் ஒருமுறை அந்த இடத்தைப் பாடிவிட வேண்டும். வேறு எதுவும் அவள் மனதில் இல்லை.

சின்னவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஆலையில் முப்பது வருடம் கண்ணாடிப் பாட்டில்கள் மோதுகிற சத்தத்தில் நின்றவள், அவளிடம் எதையும் உரக்கத்தான் சொல்ல வேண்டும். ரேடியோக்கா அட்டையை அவள் மடியில் வைத்தாள். சின்னவள் பென்சில் எழுத்தின்மேல் விரலை ஓட்டினாள்.

"இப்பத்தான் பாத்தியா?"

"நேத்து."

"ஒரு வாரம் காத்திருந்தேன்க்கா. நீ அட்டைய எடுத்துப் பாப்பேன்னு."

"வாயத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதாடி!"

"முதல்ல வாயத் திறந்துதான சொன்னேன்?" சின்னவள் ஒரு சட்டையை உதறி மடித்தாள். "அப்புறம் நர்ஸ் வந்துட்டா. நீ பலகை மாட்டி மூணு மாசம் ஆகல. கடைக்காரி தன் டேப்பையே தப்பா சரி பண்ணிட்டான்னு தெரிஞ்சா, எதிர்க்கடைக்காரர் சும்மா விடுவாரா? சரி, போகட்டும்னு விட்டுட்டேன்."

"என்னைக் கொன்னுட்டடி." ரேடியோக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "தப்பு என்னுது. அத்தனை பேர் முன்னாடி சொன்னனே... தப்பு என்னுது. சனிக்கிழமை வா. அரைக் கட்டை எறக்கி வாசிக்கச் சொல்றேன். நீதான் பாடணும்."

கைப்பேசியில் பாட்டைப் போட்டு முழுச் சத்தம் வைத்து அவள் காதருகே கொண்டுபோனாள். சின்னவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். பாதியில் விரல் மெதுவாகத் தாளம் போட்டது. முடிவுக்கு வரும்போது விரல் நின்றுவிட்டது.

"நின்னுபோச்சா?"

"இல்லடி. மேல போகுது பாரு, அந்த இடம்!"

சின்னவள் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பிறகு எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "கீழ இருக்கறதெல்லாம் கேக்குது. மேல போறது எதுவும் எனக்கு இப்பக் கேக்கறதில்லக்கா. காலிங் பெல் கூடக் கேக்காது. கேக்காதத எப்படிப் பாடுவேன்?"

ரேடியோக்காவுக்குக் கோபப்பட ஆள் இல்லை, திருப்பத் திருகு இல்லை. தங்கைக்கு நேராக உட்கார்ந்து தானே பாட ஆரம்பித்தாள். முப்பத்தாறு வருடம் பழகிய தொண்டை, பிடித்துவைக்க கீபோர்டும் இல்லாமல், தானாகப் பழைய இடத்துக்கே போனது. உச்சியில் கழுத்து நரம்பு புடைத்தது, முகம் கோணியது, குரல் உடைந்து அழுகையாகிப்போனது.

சின்னவளுக்கு அந்த உச்சி கேட்கவில்லை. அக்காவின் கழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். கையை நீட்டி, புடைத்திருந்த நரம்பைத் தடவிவிட்டாள்.

"அரைக் கட்டை எறக்கிக்கோக்கா," என்றாள்.